கழன்ற காலணியும் ஐந்தாவது உதையும்: டென்மார்க்கின் பிரேபென் எல்கேர்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். ஐரோப்பியக் கால்பந்தின் மறக்க முடியாத ஆட்டக்காரர்களைப் பற்றிய இந்த வரிசையில் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்துப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, கோப்பைகள் நிறைய வென்ற ஒருவரைத்தான் நான் சொல்வேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் சொன்ன பெயர் பிரேபென் எல்கேர் லார்சன். டென்மார்க் நாட்டின் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதை முதல் வேலையாகக் கொண்ட முன்கள ஆட்டக்காரர். ஆங்கில எழுத்தில் அவர் பெயரைப் பார்க்கிறவர்கள் நடுவில் நிற்கும் 'ஜே' எழுத்தை அழுத்தி 'எல்க்ஜேர்' என்று வாசித்துவிடுவதுண்டு. டேனிஷ்காரர்கள் வாயில் அந்த எழுத்து கரைந்துபோய், 'எல்கேர்' என்பதற்குக் கிட்டத்தட்ட ஒலிக்கும். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு ஸ்ட்ரைக்கரைப் பற்றிப் பேச வந்தால் எத்தனை கோல் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். 1977 முதல் 1988 வரை டென்மார்க்குக்காக 69 ஆட்டங்களில் 38 கோல். இது நல்ல கணக்குதான். ஆனால் அவர் வாழ்க்கையின் உச்சம் என்று சொல்லப்படுகிற 1984-85 பருவத்தில், இத்தாலிய லீக்கில் வெரோனா அணிக்காக அவர் அடித்த கோல்கள் எட்டே எட்டு. அந்த எட்டுக் கோல் ஆட்டக்காரரைத்தான் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்பட்ட 'பாலோன் தோர்' விருதின் 1985-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள் இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். முதலிடம் பிரான்ஸின் மிஷேல் பிளாத்தினிக்குப் போனது. எட்டுக் கோலுக்கு இத்தனை மரியாதை ஏன் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

எல்கேர் பெனால்டி எல்லைக்குள் நின்றுகொண்டு பந்துக்காகக் காத்திருக்கிற ஆள் இல்லை. மைதானத்தின் நடுக்கோட்டருகே, எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கிக்கொள்வார். திரும்புவார். பிறகு ஓடத் தொடங்குவார். அகன்ற தோளும் உருண்டு திரண்ட தொடையும் கொண்ட அந்த மனிதர் ஓடத் தொடங்கிவிட்டால், அவரை மறிக்க ஒருவர் போதாது, இருவர் வர வேண்டும், சில சமயம் மூவர் வர வேண்டும். அப்படி அவர்கள் விட்டுவிட்டு வந்த இடம் முழுவதும் அவருடைய கூட்டாளிகளுக்குத் திறந்து கிடக்கும். அந்தத் திறந்த இடத்தில் வெரோனாவில் ஜூசெப்பே கால்தெரிசி கோல் அடித்தார், டென்மார்க் அணியில் மைக்கேல் லௌட்ரப் அடித்தார். ஓடியவர் பெயர் கோல் பட்டியலில் வராது.

அவர் 1957 செப்டம்பர் 11 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். அவர் வளர்ந்த காலத்து டென்மார்க்கில் கால்பந்து ஒரு பிழைப்பு ஆகவில்லை. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பளம் வாங்கி ஆடியவர்களைத் தேசிய அணியில் சேர்க்கக்கூடாது என்ற விதியே 1971 வரை நடைமுறையில் இருந்தது. உள்நாட்டு லீக்கில் 1978-இல்தான் தொழில்முறை ஆட்டத்துக்குக் கதவு திறந்தது. ஆகவே கோபன்ஹேகனின் புறநகரான வான்லோஸெ அணியில் ஆடிய அந்த இளைஞர், இருபது வயது வாக்கில் மேற்கு ஜெர்மனியின் கொலோன் கிளப்புக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஹென்னெஸ் வைஸ்வைலர். கண்டிப்புக்குப் பேர்போனவர். இளைஞரோ புகைபிடிப்பதை ஒளிக்காதவர், இரவு விடுதிகளை விரும்பியவர். கையில் ஒரு விஸ்கி பாட்டிலோடும் பக்கத்தில் ஒரு பெண்ணோடும் உன்னைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே என்று வைஸ்வைலர் கேட்டதற்கு, விஸ்கி இல்லை வோட்கா, பெண் ஒருத்தி இல்லை இருவர் என்று எல்கேர் திருத்தம் சொன்னதாக ஒரு கதை இன்றும் டென்மார்க்கில் உலவுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, ஆளுக்குப் பொருந்துகிறது. 1977-78 பருவத்தில் கொலோன் லீக்கையும் ஜெர்மன் கோப்பையையும் சேர்த்து வென்றபோது அவர் பெரும்பாலும் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

1978-இல் பெல்ஜியத்தின் லோகெரென் என்ற சிறிய ஊரின் அணிக்குப் போனார். ஆறு ஆண்டுகள் அங்கேதான். போலந்தின் லுபான்ஸ்கியும் லாத்தோவும் ஆடிய அணி அது. 1981-இல் பெல்ஜிய லீக்கில் இரண்டாம் இடம்வரை வந்தது. பெரிய கிளப்புகளின் வெளிச்சம் படாத அந்த ஆறு ஆண்டுகளில்தான் அவர் தன் ஓட்டத்தைத் தீட்டிக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

இதே காலத்தில் டென்மார்க் தேசிய அணியும் மாறிக்கொண்டிருந்தது. 1978-இல் கார்ல்ஸ்பர்க் பீர் நிறுவனம் அணிக்குப் புரவலராக வந்தது. 1979-இல் ஜெர்மானியரான செப் பியோன்டெக் முழுநேரப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அதுவரை தேசிய அணிக்காக ஆட வருவதை நண்பர்களோடு ஊருக்கு வந்துபோகும் விடுமுறையாகவே பலரும் நினைத்திருந்தார்கள். பியோன்டெக் அபராதம் போட்டார், நேரம் குறித்தார், ஓட வைத்தார். 1983 செப்டம்பரில் வெம்பிளியில் இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்று, 1984 ஐரோப்பியக் கோப்பைக்குள் டென்மார்க் நுழைந்தது.

பிரான்ஸில் நடந்த அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ஆலன் சிமோன்செனின் கால் முறிந்தது. 1977-இல் பாலோன் தோர் வென்ற சிமோன்சென் இல்லாமல், யூகோஸ்லாவியாவை ஐந்து கோல் போட்டு வென்றார்கள். பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கி, மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் மைதானத்தில் அந்த மூன்றாவது கோலை அடித்தவர் எல்கேர். பெல்ஜியத்தில் ஆடிச் சம்பாதித்தவர் பெல்ஜியத்தை வெளியே அனுப்பினார்.

ஜூன் 24, லியோன் நகரம், ஸ்பெயினுடன் அரையிறுதி. லெர்பி அடித்த கோலில் டென்மார்க் முந்தியது, மாசேதா அதைச் சமன் செய்தார், கூடுதல் நேரமும் கோல் இல்லாமல் கழிந்து பெனால்டி உதைகளுக்கு வந்தது. டென்மார்க்கின் முதல் நால்வர் உதைத்ததும் உள்ளே. ஸ்பெயினின் முதல் நால்வர் உதைத்ததும் உள்ளே. ஐந்தாவது உதைக்கு எல்கேர் நடந்து வந்தார். இரண்டு மணி நேர இழுபறியில் அவருடைய கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. அடுத்து வந்த சராபியா பிழைசெய்யவில்லை. ஐந்துக்கு நான்கு. ஒரு பெரிய இறுதிப்போட்டியின் வாசற்படி வரை வந்த நாடு, தன் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் உதையால் வெளியே போனது. கிழிந்த கால்சட்டையோடு அவர் திரும்பி நடக்கும் படம் டென்மார்க்கில் எல்லோருக்கும் தெரிந்த படம்.

அங்கிருந்து நாலு மாதம் தள்ளி, அக்டோபர் 14-க்கு வாருங்கள். கோடையில் எல்கேரை வெரோனா வாங்கியிருந்தது. கூடவே ஜெர்மனியின் ஹன்ஸ்-பீட்டர் பிரீகலையும். வெரோனா அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மேலே ஏறிய அணி. பயிற்சியாளர் ஓஸ்வால்டோ பாஞ்ஞோலி அதிகம் பேசாத மனிதர். அதே கோடையில்தான் நேப்பிள்ஸுக்கு மரடோனா வந்தார். இத்தாலிய லீக்கில் அவருடைய முதல் ஆட்டமே வெரோனாவில். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பினார்.

அக்டோபரில் வந்தது யுவென்டஸ், நடப்புச் சாம்பியன். வெரோனா ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் அளவு இருக்கையில், இடப்பக்கம் பந்தைப் பிடித்து எல்கேர் ஓடினார். யுவென்டஸின் பின்கள வீரர் ஸ்டெஃபானோ பியோலி சறுக்கிக்கொண்டு காலை நீட்டினார். பந்து கிடைக்கவில்லை, எல்கேரின் வலது பூட்ஸ் மட்டும் கழன்று புல்லில் விழுந்தது. வேறொருவராக இருந்தால் விழுந்திருப்பார், குறைந்தது நடுவரைப் பார்த்துக் கை தூக்கியிருப்பார். எல்கேர் தடுமாறிச் சமாளித்து, பெனால்டி எல்லைக்குள் பந்தை உள்பக்கமாக வெட்டி, வெறும் காலுறை மாட்டிய அந்த வலது காலாலேயே உதைத்தார். கோல் கீப்பர் தக்கோனியைத் தாண்டிப் பந்து வலையில் கிடந்தது. அதை வெரோனாக்காரர்கள் வெறும் கோலாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பைத் தொலைத்த கதாநாயகி என்பதால் சிண்ட்ரெல்லாவின் இத்தாலியப் பெயரை ஆண்பாலாக்கி 'செனெரென்தோலோ' என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். ஊரின் மேயர் என்றும் அழைத்தார்கள்.

நேயர்களில் சிலருக்கு, காலணி இல்லாமல் அடித்த கோல் செல்லுமா என்ற ஐயம் எழலாம். தற்செயலாகக் கழன்றால் செல்லும். பந்து அடுத்தமுறை ஆட்டத்தை விட்டு வெளியே போவதற்குள் மாட்டிக்கொண்டால் போதும் என்பதுதான் இன்றைய விதியும்.

அந்தப் பருவம் முப்பது ஆட்டங்களில் வெரோனா தோற்றது இரண்டே இரண்டு. அந்த ஒரு ஆண்டு மட்டும் நடுவர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள் என்பதையும், அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி, அதனால்தான் சிறிய அணி ஜெயித்தது என்று இன்றும் புன்னகைப்பவர்கள் இத்தாலியில் உண்டு. குலுக்கல் பத்தொன்பது கோல் மட்டுமே விட்டுக்கொடுக்கும் தற்காப்பை யாருக்கும் தந்துவிடாது என்பது என் எண்ணம். 1985 மே 12, பெர்கமோ நகரில் அட்டலான்டாவுடன் ஆட்டம். ஒரு புள்ளி கிடைத்தால் பட்டம். அட்டலான்டா முந்திவிட்டது. இரண்டாம் பாதியில் சமன் செய்து பட்டத்தைக் கொண்டுவந்தவர் எல்கேர். வெரோனா வென்ற ஒரே இத்தாலியப் பட்டம் இன்றுவரை அதுதான். எட்டுக் கோல் என்று முதலில் சொன்னேனே, அந்த எட்டில் இவை இரண்டு.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 5. டென்மார்க்கின் அரசியலமைப்பு நாள். கோபன்ஹேகனின் இட்ரெட்ஸ்பார்க்கன் மைதானத்தில் சோவியத் ஒன்றியத்துடன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நான்குக்கு இரண்டு என்று டென்மார்க் வென்றது. எல்கேர் இரண்டு, லௌட்ரப் இரண்டு. முதல் இரண்டும் இருபது நிமிடத்துக்குள் எல்கேருடையவை. டேனிஷ் கால்பந்தின் மிக அழகிய ஆட்டம் எது என்று கேட்டால் அந்த நாட்டில் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் டென்மார்க், மேற்கு ஜெர்மனி, உருகுவே, ஸ்காட்லாந்து ஆகிய நான்கும் ஒரே குழு. உருகுவேயின் பயிற்சியாளர் அதை மரணக் குழு என்றார். மூன்று ஆட்டத்தையும் வென்று அந்தக் குழுவில் முதலிடம் பிடித்தது முதல் உலகக் கோப்பைக்கு வந்திருந்த டென்மார்க். ஸ்காட்லாந்துக்கு எதிரான ஒரே கோல் எல்கேருடையது. உருகுவேயை ஆறுக்கு ஒன்று என்று நொறுக்கியபோது அவர் அடித்தது மூன்று. அந்த மூன்றில் கடைசியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து தனியே பந்தோடு ஓடிவந்து, முன்னேறி வந்த கோல் கீப்பரைச் சுற்றிக் கடந்து, காலியான கோலுக்குள் பந்தைத் தள்ளிவிடுகிறார். மற்றவர்கள் திறந்துவிட்ட இடத்தில் அவரே ஓடிய அபூர்வமான கோல் அது.

அடுத்த சுற்றில், கெரெத்தாரோவில் மீண்டும் ஸ்பெயின். ஒரு கோல் முன்னால் இருந்த நிலையில், இடைவேளைக்குச் சற்று முன் ஜெஸ்பர் ஓல்சன் தன் கோல் கீப்பரை நோக்கித் தள்ளிய அசட்டுப் பந்தைப் புத்ரகேன்யோ பறித்துக் கோலாக்கினார். முடிவில் ஐந்துக்கு ஒன்று. அவற்றில் நான்கு புத்ரகேன்யோவுடையவை. 'அசல் ஜெஸ்பர் ஓல்சன்' என்பது டேனிஷ் மொழியில் மடத்தனமான பிழைக்கு ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. அந்த உலகக் கோப்பையின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரராக எல்கேர் தேர்வானார். நான்காவது ஆட்டத்தோடு ஊர் திரும்பிய ஒருவருக்கு அது கிடைத்தது.

மீதியைச் சுருக்கிவிடலாம். காயங்கள் வரத் தொடங்கின. வெரோனாவும் கீழே சரிந்தது. 1988 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க் மூன்று ஆட்டத்திலும் தோற்றது, அதோடு அவருடைய தேசிய அணிக் காலமும் முடிந்தது. தாய்நாட்டுக்குத் திரும்பி வெய்லெ கிளப்பில் இரண்டு ஆண்டுகள் ஆடி, 1990-இல் ஓய்வு பெற்றார். சில்கெபோர்க் அணிக்குச் சிறிது காலம் பயிற்சியாளராக இருந்தார். பிறகு தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசும் வேலைக்குப் போனார்.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு, 1992 ஜூன் 22, ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரம். ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, நெதர்லாந்துடன். கூடுதல் நேரமும் முடிந்து மறுபடி பெனால்டி உதைகள். நெதர்லாந்தின் வான் பாஸ்டன் உதைத்ததை டென்மார்க்கின் கோல் கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்துவிட்டார். டென்மார்க்கின் முதல் நால்வர் உதைத்ததும் உள்ளே. ஐந்தாவது உதைக்குக் கிம் கிறிஸ்டோஃப்டே நடந்து வந்தார், நீண்ட ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை, உதைத்தார். பந்து வலைக்குள் இருந்தது. ஐந்துக்கு நான்கு.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.