காது போனவர் பெருக்கிய சிற்றாலயம்

[திரையில்: உருண்டைத் தூண்கள், வெறும் கல் சுவர்]

இது லண்டன் டவர். அதற்குள் இருக்கும் வெள்ளைக் கோபுரத்தின் மேல்தளத்தில் நிற்கிறோம். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், லண்டன்காரர்கள் தலைநிமிரக் கூடாது என்று எழுப்ப ஆரம்பித்த கோட்டை. அரச குடும்பம் ஜெபம் பண்ண அதற்குள்ளேயே கட்டியதுதான் இந்தப் புனித யோவான் சிற்றாலயம். இன்றைக்கு மொட்டையாகத் தெரிகிறது, ஆனால் 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி இதற்கு வெள்ளையடித்து, வண்ணக் கண்ணாடியெல்லாம் போட்டு வைத்திருந்தார்.

1381. தலைவரி தாங்காமல் குடியானவர்கள் கிளர்ந்து டவருக்குள் புகுந்துவிட்டார்கள். கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரி இங்கே ஜெபத்தில் இருந்தார். அவர்தான் நாட்டின் சான்சலரும்கூட, அதாவது ராஜாவின் முக்கிய அமைச்சர், அதனால் வரிக்கான கோபம் முழுக்க அவர்மேல். ஆலயம் என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை, வெளியே இழுத்துப் போய்த் தலையை வெட்டினார்கள்.

1503-இல் ஏழாம் ஹென்றியின் ராணி, யார்க்கின் எலிசபெத், பிள்ளை பெற்ற சில நாளில் டவரிலேயே இறந்தார், அதுவும் தன் பிறந்தநாளில். சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றி உடலை வைத்தது இங்கேதான். இந்த ராணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

[திரையில்: சுருட்டிய தோல் ஆவணங்கள்]

அப்புறம் ராஜாக்கள் டவரில் தங்குவது குறைந்தது, ஆலயம் குடோன் ஆனது. அரசின் பழைய ஆவணங்கள், எல்லாம் தோல் சுருள்கள், மூலை மூலையாகக் குவிந்தன. 1660-களில் அவற்றுக்குப் பொறுப்பாக வந்தவர் வில்லியம் பிரின். பழைய ராஜா முதலாம் சார்லஸ் ஆட்சியில் எழுதக் கூடாததை எழுதினார் என்று இரண்டு தடவை காது அறுக்கப்பட்டு, கன்னத்தில் சூடு வாங்கி, இதே டவரில் கைதியாகவும் கிடந்தவர்! ஒட்டடையும் தூசியும் மூடிக் கிடந்த குவியலைச் சுத்தம் பண்ணச் சிப்பாய்களையும் பெண்களையும் கூலிக்கு வைத்தார், அவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள், கடைசியில் குமாஸ்தாக்களோடு அவரே இறங்கினார். இதில் இன்னொரு கூத்து, அதே வெள்ளைக் கோபுரத்தில்தான் வெடிமருந்தையும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பொறி போதும், நாட்டின் பாதி வரலாறு புகையாகியிருக்கும்.

1850-களில் ஆவணங்கள் புதுக் காப்பகத்துக்குப் போயின. இப்போது இது சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடம், எப்போதாவது ஆராதனையும் நடக்கும்.

சரி, ராணி கதைக்கு வருவோம். 1674-இல், உள்ளே ஆவணங்கள் இருந்த காலத்திலேயே, இந்த ஆலயத்துக்கு ஏறும் பழைய படிக்கட்டை இடித்தார்கள். அடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் இரண்டு குழந்தைகளின் எலும்புகள். 1483-இல் டவருக்குள் காணாமல் போன இளவரசர்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள், உறுதியான நிரூபணம் இன்றுவரை இல்லை. அந்த இளவரசர்கள் வேறு யாருமல்ல, எலிசபெத்தின் கூடப்பிறந்த தம்பிகள். அவர்களேதான் என்றால், அக்காவின் உடல் மேலே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்தபோது அவர்கள் படிக்குக் கீழே கிடந்திருக்கிறார்கள்.

எலும்புகளை 1678-இல் லண்டனின் பெரிய தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றி ஆலயத்தில் பளிங்குக் கலசத்தில் வைத்தார்கள். எலிசபெத்தின் கல்லறையும் அங்கேதான்.