உத்தரவு போட்டாச்சு, ஆனா ரகசியம்! 53 நாள் தர்ணாவோட கதை

வணக்கம் மக்களே! 1997, ஜெய்ப்பூர். பஞ்சாயத்துக் கணக்குக்கு நகல் கொடுங்கன்னு ஜனங்க 53 நாளா தர்ணாவுல உக்காந்திருக்காங்க. கடைசியில துணை முதல்வர் என்ன சொல்றார் தெரியுமா? நகல் கொடுக்கணும்ங்கிற உத்தரவு ஆறு மாசத்துக்கு முன்னாடியே அரசு கெசட்டுல வந்தாச்சாம்! தகவல் கேக்குற உரிமையைக் கொடுத்த உத்தரவையே யாருக்கும் தெரியாம வெச்சிருந்திருக்காங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசே ஆறலை.

உக்காந்தவங்க மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், அதாவது தொழிலாளர்-விவசாயிகள் சக்தி அமைப்பு. 1990ல ராஜஸ்தான்ல ஆரம்பிச்சது. சென்னையில பிறந்து, ஐஏஎஸ் வேலையை உதறிட்டுப் போன அருணா ராய் இதுல ஒருத்தர். தேர்தல்ல நிக்காம அரசாங்கத்தை நெருக்குற இந்த மாதிரி அமைப்பைத்தான் அழுத்தக் குழுன்னு சொல்றோம். முதலாளிகள் சங்கமும் அழுத்தக் குழுதான். அவங்களுக்கு அமைச்சர் அறைக் கதவு திறக்கும். கூலிக்காரங்களுக்கு?

இங்கதான் விஷயமே இருக்கு. அரசாங்க வேலைக்குப் போன கூலிக்காரங்க, கூலி ஏன் குறையுதுன்னு கேட்டா, "நீ அவ்வளவு வேலை செய்யலை, மஸ்டர் ரோல்ல அப்படித்தான் இருக்கு"ம்பாங்க. யார் எத்தனை நாள் வேலை செஞ்சாங்க, எவ்வளவு கூலின்னு எழுதி வெக்கிற பதிவேடுதான் மஸ்டர் ரோல். சரி, அதைக் காட்டுங்கன்னா, அரசாங்க ரகசியமாம்!

கைக்குக் கிடைச்ச நகல்களை வெச்சு 1994 டிசம்பர்ல கோட் கிரானா கிராமத்துல முதல் 'ஜன் சுன்வாயி' நடத்தினாங்க. மக்கள் விசாரணை. ஊரைக் கூட்டி உக்காரவெச்சு, மஸ்டர் ரோலைச் சத்தமா வாசிக்கிறது, அவ்வளவுதான். இன்னார், இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபா கூலி. அந்த இன்னார் கூட்டத்துலயே இருப்பார்! எந்திரிச்சு, "நான் அந்த வேலைக்கே போகலையே"ம்பார். அடுத்தடுத்து நடந்த விசாரணைகள்ல செத்துப்போனவங்க பேர்லயும் கூலி போனது வெளிய வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் தணிக்கை அதிகாரி ஆன இடம் இது. என்னைக் கேட்டா, இதைவிடக் கூர்மையான ஆயுதம் எந்த அழுத்தக் குழு கையிலயும் இருந்ததில்லை.

1996ல பியாவர் ஊர்ல 40 நாள் தர்ணா. "எங்க காசு, எங்க கணக்கு"ங்கிறதுதான் கோஷம். சந்தை வியாபாரிங்க காய்கறி கொடுத்தாங்க, கிராமங்கள்லேருந்து தானியம் வந்துச்சு. 'ஜன்சத்தா' பத்திரிகையோட பிரபாஷ் ஜோஷி எழுத எழுத, டெல்லி திரும்பிப் பார்த்துச்சு.

அப்புறம் மடமடன்னு சொல்லிடுறேன்: 1997ல நம்ம தமிழ்நாடுதான் தகவல் உரிமைச் சட்டம் போட்ட முதல் மாநிலம், ஆனா அதுல விலக்குகள் ஏராளம். 2000ல ராஜஸ்தான். 2005ல நாடு முழுக்க.

அதே 2005ல வந்த 100 நாள் வேலைச் சட்டத்துல, கிராம சபையில சமூகத் தணிக்கை நடக்கணும்னும் எழுதினாங்க. கோட் கிரானாவுல செஞ்ச அதே வேலைதான். உங்க ஊர்ல மஸ்டர் ரோலை வாசிச்சாங்களா? யாராவது எந்திரிச்சு, "நான் போகலையே"ன்னாங்களா? கமெண்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிக்கிறேன்.