பாட்டி மதுரைக்கு, ஆடு என் வீட்டுக்கு

வணக்கம். பின்னால் கேட்கும் சத்தத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது ஆடு. இரண்டு வெள்ளாடுகள், ஒரு குட்டி. என்னுடையவை அல்ல. நேற்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் நிற்கின்றன. எப்படி வந்தன என்று சொல்கிறேன்.

நேற்று எங்கள் ஊர் அரிமா சங்கத்தின், அதாவது லயன்ஸ் கிளப்பின், கண் முகாம். தேனிப் பக்கம், சின்ன ஊர். அரசுப் பள்ளியில் ஐந்து வகுப்பறைகளைக் கேட்டு வாங்கியிருந்தோம். நான் சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏட்டில் நான் துணைப் பொருளாளர். நடப்பில் பெஞ்சு தூக்குகிறவன்.

அரிமா சங்கம் என்றாலே ஏன் கண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று என் மாமா கேட்பார். 1917ல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர் தொடங்கிய சங்கம் இது. 1925ல் ஒஹாயோ மாநிலத்தில் மாநாடு நடந்தபோது, பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றவர்களின் பக்கம் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்த கண்ணை இன்னும் விடவில்லை.

முகாமில் மருத்துவம் எங்கள் வேலை அல்ல. அதற்கு மதுரையிலிருந்து மருத்துவக் குழு வந்துவிடும். ஆள் சேர்ப்பது, இடம் பிடிப்பது, சோறு போடுவது, பேருந்தில் ஏற்றுவது, திரும்பி வந்ததும் வீடு சேர்ப்பது, இவைதான் எங்கள் பங்கு. இந்தப் பங்கீட்டை எங்கள் பக்கத்தில் வேரூன்ற வைத்ததில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே ஆபரேஷன் நடக்குமாம். எங்கள் தாத்தாவுக்கு அப்படித்தான் நடந்தது. உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் அப்போது இல்லை. கடைசி வரை சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் இருந்தார். 1992ல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கியது. இப்போது இலவசமாகப் போகிறவர்களுக்கும் லென்ஸ் கிடைக்கிறது.

காலையில் ஏழு மணிக்கே வரிசை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் சுற்றியது வீண் போகவில்லை. பெயர் பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் டாக்டர் என்று வகுப்பறைக்கு ஒன்றாக நகர வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான்கு பக்கமும் திரும்பிய ஆங்கில ‘E’ எழுத்துப் பலகை. விரலால் திசை காட்டினால் போதும். ஒரு தாத்தா எல்லாவற்றுக்கும் மேலே மேலே என்றே காட்டினார். கடவுளைக் காட்டுகிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

தொடக்க விழா எட்டே நிமிடம். இதை நான் பெருமையாகவே சொல்வேன். சேவைச் சங்கங்களின் பொது நோய் பொன்னாடை. ஜூலை முதல் தேதி புதுத் தலைவர் பொறுப்பேற்பார், அடுத்த ஜூன் முடிய அவர் காலம். அதற்குள் தன் பெயர் சொல்ல ஏதாவது வேண்டும் என்று புதிதாகத் தொடங்குவார். போன வருடம் நட்ட மரக்கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்க ஆள் இருக்காது. எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேச வந்தவர்கள் கையிலிருந்து மைக்கைக் கேட்காமலே வாங்கிக்கொள்வார். அதனால் பிழைத்தோம்.

மனம் கனத்த இடமும் உண்டு. புரை விழுந்தவர்களைப் பேருந்தில் ஏற்றலாம். பூ விழுந்தவர்களை என்ன செய்வது? ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். புரை, கண்ணின் உள்ளே லென்ஸ் மங்குவது. பூ, முன்னால் இருக்கும் கருவிழியில் விழும் தழும்பு. அறுப்பின்போது நெற்கதிர் குத்தி ஒரு கண்ணில் பூ விழுந்த அக்கா ஒருவர் வந்திருந்தார். கருவிழி மாற்றித்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கருவிழி இறந்தவரிடமிருந்துதான் வர வேண்டும்.

அதனால்தான் எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் இரவிலும் தொலைபேசியை அணைப்பதில்லை. சாவு விழுந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். போகும் வழியிலேயே சொல்வோம்: இமையை மூடுங்கள், ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குத் தலையணை கொடுங்கள். சர்க்கரை இருந்தவர், கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர் யாரும் கொடுக்கலாம். இறந்தவர் எழுதி வைக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். முகம் கெட்டுவிடுமே என்று பயப்படுகிறார்கள். கெடாது, நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒப்பாரிக்கு நடுவே போய்க் கேட்பதற்கு எனக்கு இன்னும் நா எழவில்லை. மருந்துக்கடை அண்ணன்தான் கேட்பார். ஒரு வீட்டில் அடிக்கவே வந்துவிட்டார்கள். அதே வீட்டிலிருந்து அடுத்த ஆண்டு அவர்களாகவே அழைத்தார்கள்.

சரி, ஆடு. மதியம் டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களை எண்ணினால் 23 பேர். பேருந்தில் ஏறியவர்கள் 16. மீதிப் பேர் சாப்பாட்டுக்குப் பிறகு நழுவிவிட்டார்கள். மருமகளுக்கு இது மாதம், ஆடியில் கத்தி வைக்கக் கூடாது, ஒரு கண் போதும் என்று ஆளுக்கொரு காரணம். செயலாளர் பட்டியலைக் கொடுத்து, வீடு வீடாகப் போ என்றார். மூன்று பேரைத் திருப்பிக் கூட்டி வந்தேன். நான்காவது வீட்டில் அந்தப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“பயமா பாட்டி?”

“பயம் என்னடா பயம். ஆறு பிள்ளை பெற்றவள். என் ஆட்டை யார் பார்ப்பது? உன் சங்கமா பார்க்கும்?”

வாய் தவறி, பார்க்கும் என்று சொல்லிவிட்டேன்.

கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பேருந்து ஜன்னல் வழியாக, குட்டிக்கு வேப்பந்தழை ஆகாது, அகத்திதான் தின்னும் என்று கத்திச் சொன்னார். நாளை மறுநாள் சாயங்காலம் பேருந்து திரும்பி வரும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் அழைத்துப் போக வேண்டும். அப்போதும் இந்த மூன்றும் இங்கேதான் என்று என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அகத்திக்கீரை யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரிக்கப் போகிறேன். கத்துகிறது பாருங்கள்.