ஓட்டமா, பாஸா?

அன்பர்களே, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு பெரிய அணி தோற்றுவிட்டால் மறுநாள் முழுக்க ஒரே சண்டைதான். பந்தைக் கையில் வைத்து ஓடியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், முன்னால் எறிந்து பாஸ் போட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். பந்து கிளம்புவதற்கு முன்பே நம் திட்டம் எதிரணிக்குத் தெரிந்துபோயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை, அதாவது எல்எஸ்யூவை எடுத்துக்கொள்வோம். 2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் தேசிய இறுதியாட்டம். ஆடிய 13 ஆட்டங்களையும் வென்று வந்த அணி. ரூபன் ராண்டல், ஓடெல் பெக்காம் என்று பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அலபாமாவிடம் 21-0 என்று தோற்றது. ஆட்டம் முழுக்கச் சேர்த்தே முன்னேறியது 92 யார்டுதான். நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அன்று அந்த இடத்தில் ஜோர்டான் ஜெஃபர்சன். தானே ஓடுவதா, பக்கத்து ஆளிடம் தருவதா என்று ஓடும்போதே முடிவெடுக்கும் அவருடைய ஆப்ஷன் ஓட்டத்தை அலபாமா அடைத்துவிட்டது. சீசனின் முற்பாதியில் அணியை நடத்திய ஜாரட் லீயோ கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை. நான் அந்த இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். வழி அடைபட்ட பிறகும் அதே வழியில் அனுப்பிக்கொண்டிருந்த பயிற்சியாளர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2018-இல் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ எல்எஸ்யூவில்தான் இருந்தார். ஜஸ்டின் ஜெஃபர்சன் (ஜோர்டானின் தம்பி), ஜமார் சேஸ் என்ற ரிசீவர்கள் இருவரும் இருந்தார்கள். பர்ரோ அந்த ஆண்டு போட்ட டச்டவுன் பாஸ்கள், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத் தந்த பாஸ்கள், 16. அடுத்த ஆண்டு 60! இடையில் வந்தவர் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து பயிற்சியாளர் ஜோ பிரேடி. தாக்குதல் ஆட்ட ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரோடு சேர்ந்து ஆட்டத்தையே விரித்துப் போட்டார்.

அதில் ஒரு அமைப்பை மட்டும் சொல்கிறேன். குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் யாருமே இல்லை; பாஸ் பிடிக்கக்கூடிய ஐந்து பேரும் அகலமாக விரிந்து நிற்கிறார்கள். ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்கூடப் பக்கக்கோட்டருகே போய் நிற்கிறார். அவர் பின்னாலேயே, வழக்கமாக நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரான ஒரு லைன்பேக்கர் போனால், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். அங்கே, வழக்கமாக ஓரத்தைக் காக்கும் ஒரு கார்னர்பேக் நின்றால், பெரும்பாலும் இடத்துக்குக் காவல். பந்து கைக்கு வருமுன்பே பர்ரோவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 2012-இல் எதிரணிக்கு இருந்த வசதி, அதாவது அடுத்தவர் திட்டம் முன்பே தெரியும் வசதி, இப்போது இவர் பக்கம் வந்துவிட்டது.

அப்படியென்றால் ஓட்டத்தையே விட்டுவிட்டார்களா? இல்லவே இல்லை. 2019 நவம்பர் 9, அலபாமாவின் சொந்த மைதானம். பர்ரோ 39 பாஸில் 31-ஐச் சேர்த்து 393 யார்டு எடுத்தார். அதே நாளில் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 103 யார்டு ஓடினார். ஓட்டத்தில் மூன்று டச்டவுன், பாஸில் ஒன்று. முடிவு 46-41, எல்எஸ்யூவுக்கு வெற்றி. பாஸுக்குப் பயந்து தடுப்பாட்டக்காரர்கள் விலகி நின்றதால்தான் அவருக்கு அந்த வழி திறந்தது. அந்த சீசனில் அவர் ஓடியது மொத்தம் 1,414 யார்டு. பாஸ் போட்டால் ஓட்டம் செத்துப்போகும் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.