நாலு ஓட்டை இருந்தால் போதுமா? அலாய் வீல் பொருத்தம் பார்க்கும் முறை

(காட்சி: நாகர்கோவிலில் ஒரு டயர் கடையின் முன்புறம். சுவரில் சாய்த்து வைத்த இரண்டு பழைய அலாய் வீல்கள்.)

வணக்கம். நம் மாவட்டத்தில் பழைய அலாய் வீல் தேடுபவர்களுக்கு அலைச்சல் குறைவு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கிடைக்காதது களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் கிடைத்துவிடும். விலை படியும் நேரத்தில், "உங்க வண்டிக்கும் நாலு ஓட்டை, இதுக்கும் நாலு ஓட்டை, கண்டிப்பா சேரும் அண்ணாச்சி" என்று விற்பவர் உறுதி சொல்வார். அந்த உறுதியை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன் எவற்றையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்பதை இந்த வீடியோவில் காண்போம்.

முதலில் பார்க்க வேண்டியது பிசிடி. வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பில் உள்ள எல்லா ஸ்டட்களின் (நட்டு முறுக்கும் மரைத் தண்டுகளின்) மையங்களையும் தொட்டுச் செல்லும்படி ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டமே பிசிடி. 4×100 என்றால் நான்கு ஸ்டட்கள், 100 மி.மீ. விட்டம். 5×114.3 என்பதில் வரும் விசித்திரமான எண், நாலரை அங்குலம் என்ற பழைய அளவை மி.மீட்டருக்கு மாற்றியதால் வந்தது.

(காட்சி: வீலின் பின்பக்கம். துளைகளின் மேல் ஸ்டீல் ஸ்கேல்.)

நான்கு துளை வீலை அளப்பது சுலபம். துளையின் மையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம் என்பதால், ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அதற்கு நேர் எதிரே உள்ள துளையின் இடது விளிம்பு வரை அளந்தால், இரண்டு துளைகளும் ஒரே அளவில் இருக்கும் வரை, அதுவே மையத்திலிருந்து மையத்துக்கான தூரமாகும். ஐந்து துளை வீலில் எதிரெதிர்த் துளைகள் இல்லை. எனவே அடுத்தடுத்த இரண்டு துளைகளின் தூரத்தை இதே முறையில் அளந்து 1.7 ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 58.8 மி.மீ. வந்தால் 5×100, அதாவது போலோவின் அளவு, 67.2 வந்தால் 5×114.3, இன்னோவாவின் அளவு.

அளவு வெகுவாக வேறுபட்டால் வீல் ஏறவே ஏறாது, அதனால் ஆபத்தும் இல்லை. பயப்பட வேண்டியது இரண்டு மி.மீ. வித்தியாசத்துக்குத்தான். ஃபியட் பேலியோவின் பிசிடி 98. அந்த 4×98 வீலை 100 மி.மீ. ஹப்பில் தட்டிக்கொட்டி ஏற்றிவிட முடியும். ஆனால் நட்டுகள் தம் இருக்கையில் முழுமையாக உட்காராமல் ஸ்டட்களை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் நட்டு தளரலாம், ஸ்டட் முறியவும் செய்யலாம்.

பிசிடி சரியாக இருந்தும் சேராத இடங்கள் உண்டு. ஹோண்டா சிட்டியும் மாருதி ஸ்விஃப்டும் 4×100 தான். ஆனால் வீலின் நடுத்துளைக்குள் நுழையும் ஹப்பின் நடுமேடு ஸ்விஃப்டில் 54.1 மி.மீ. விட்டம், சிட்டியில் 56.1 மி.மீ. ஸ்விஃப்டின் வீல் சிட்டியின் ஹப்பில் நுழையாது. சிட்டியின் வீல் ஸ்விஃப்டில் நுழையும், ஆனால் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். அதை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையத்தைப் போட வேண்டும், இல்லையென்றால் வீல் மையம் தவறி ஸ்டீயரிங்கில் நடுக்கம் வரலாம். அடுத்தது மரை: ஸ்விஃப்டின் ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ., சிட்டியில் 1.5. வேறு மரையுள்ள நட்டை ஸ்பேனரால் வலிந்து முறுக்கினால் ஸ்டட் மரை போய்விடும். மூன்றாவதாக, நட்டு உட்காரும் இருக்கை: சிட்டியின் கம்பெனி வீலில் அது உருண்டை வடிவம், ஸ்விஃப்டின் நட்டோ கூம்பு வடிவம். உருண்டைக் குழிக்குள் கூம்பு நட்டு ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே பிடிக்கும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு சரியான எண்ணைக் காட்டினாலும் அந்தப் பிடிப்பு நம்பத்தக்கதன்று. கடைகளில் பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படுவது இந்த மூன்றாவதுதான் என்பது என் கருத்து.

ஆஃப்செட் என்பது வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அந்த எண்ணை வீலின் உட்புறத்தில் ஈடி (ET) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் படித்துக்கொள்ளலாம். உங்கள் பழைய வீலின் எண்ணிலிருந்து அதிகம் விலகினால் டயர் ஃபெண்டரிலோ சஸ்பென்ஷனிலோ உரசும்.

(காட்சி: ஹப்பின் முகத்தில் படிந்த துரு. கம்பி பிரஷ்.)

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றால் ஹப்பின் முகத்தில் துரு பொருக்காகப் படிந்திருக்கும். அதன்மேல் வீலை வைத்தால் சமமாக உட்காராது. கம்பி பிரஷால் தேய்த்த பிறகே சோதித்துப் பாருங்கள்.

பொருத்திப் பார்க்கும்போது நட்டை முதலில் கையாலேயே திருகுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. ஆழத்துக்காவது நட்டு பிடித்திருக்க வேண்டும், அதாவது 1.5 மரையில் 8 சுற்று, 1.25 மரையில் ஏறத்தாழ 10 சுற்று. அதற்குக் குறைந்தால் அந்த வீல் வேண்டாம். ஸ்டெப்னி இரும்பு டிஸ்க்காகவே இருந்தால் அதற்குரிய பழைய நட்டுகளை டிக்கியில் வைத்திருங்கள். புதிய வீலுடன் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பலாம்.