வரிசையில் முதல் ஆள்

வணக்கம், காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது பிரிஸ்டல் கதீட்ரலுக்கு முன்னால், காலேஜ் கிரீன் புல்வெளியில். 1994 மார்ச் 12 அன்று இந்தக் கதீட்ரலில்தான் இங்கிலாந்துத் திருச்சபை முதன்முதலாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. மொத்தம் 32 பேர். ஆங்கில அகரவரிசைப்படி கூப்பிட்டதால் முதலில் போனவர் ஏஞ்சலா பெர்னர்ஸ்-வில்சன். நம் ஊரில் வைவாவுக்கு முதல் ஆளாகப் போய் மாட்டுகிறவனுக்கும் இதே வரிசைதான் காரணம், ஆனால் இவருக்கு அது வரலாற்றிலேயே இடம் வாங்கிக் கொடுத்துவிட்டது.

அப்போது அவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சாப்ளின், அதாவது மாணவர்களுக்கான திருச்சபை ஊழியர். இதோ, இந்தப் பார்க் ஸ்ட்ரீட் மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் வில்ஸ் கோபுரம் தெரியுமே, அந்தப் பல்கலைக்கழகம்தான்.

ஆனால் அந்த நாளுக்காக அவர் காத்திருந்தது 15 வருஷம். 1979-ல் டீக்கனஸ், அதாவது திருச்சபையின் பெண் ஊழியர்; 1987-ல் டீக்கன், குருவுக்கு ஒரு படி கீழே. டீக்கனாக இருந்த பெண் பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்க ஆராதனை நடத்தலாம். திருவிருந்து என்று வந்தால் மட்டும் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் முன்னால் நிற்க ஓர் ஆண் குரு வரவேண்டும். வாரம் முழுக்க மாணவர்களோடு இருப்பவர் இவர், மேசைக்கு வேறொருவர் என்றால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று 1992 நவம்பர் 11 அன்று சினாட்டில், அதாவது திருச்சபையின் ஆட்சி மன்றத்தில், ஓட்டெடுப்பு நடந்தது. ஒவ்வொரு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குருமார் அல்லாத சபையாரின் பிரிவில் ஆதரவாக 169, எதிராக 82. ஆதரித்தவர்களில் இரண்டே பேர் மனசு மாறியிருந்தால் போச்சு!

சரி, சாப்ளின் என்றால் என்ன வேலை? சர்ச் பக்கமே வராத பிள்ளைகள்தான் அங்கே பெரும்பாலும். பரீட்சை பயம், வீட்டு ஏக்கம், ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று நள்ளிரவில் வரும் போன், இதையெல்லாம் கேட்க ஓர் ஆள் வேண்டும், எந்த மதம் என்றும் கேட்கக்கூடாது. ஏஞ்சலா 1980-களில் தேம்ஸ் பாலிடெக்னிக்கிலும் இதைச் செய்தவர். அப்புறம் கோலர்ன் கிராமத்துச் சபையில் சில வருஷம் இருந்துவிட்டு, 2004-ல் பாத் பல்கலைக்கழகத்துக்கு மறுபடி சாப்ளினாகவே போனார். எல்லோரும் அந்த 'முதல் பெண்' தலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கென்னவோ இந்தத் திரும்பிப் போனதுதான் ரொம்பப் பிடிக்கிறது.

இன்னொரு கூத்து கேளுங்கள். அந்த நாளின் நினைவாக இங்கே ஒரு கல்வெட்டு வைத்தார்கள், அதில் ஆண்களின் பெயர்கள்தான் இருந்தன, குருப்பட்டம் பெற்ற பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை! 2022-ல்தான் 32 பேரின் பெயரையும் பொறித்துப் புதுக் கல்வெட்டு வந்தது. உள்ளே போய் அதைக் காட்டுகிறேன், படம் எடுக்க விடுவார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன், இருங்கள்.