பின்னணியும் படத்தில் இருக்கட்டும்

பெரியோர்களே, கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் அலையும் கிருஷ்ணகிரி, தருமபுரி இளைஞர்களே, வணக்கம்.

காட்டுயிர்ப் படங்களில் இன்று பெரிதும் பாராட்டப்படுவது, விலங்கின் முகம் மட்டும் துல்லியமாகத் தெரிய, மற்றவை எல்லாம் வண்ணமாகக் கரைந்துவிட்ட படம்தான். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸும், அதில் ஒளி புக அகலத் திறக்கும் துளையும் இருந்தால் அது எளிதில் கைகூடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், நம் மாவட்டங்களில் எடுக்கும் படங்களில் அப்படிக் கரைந்துபோவதுதான் நாம் காக்க வேண்டிய பொருள் என்று கருதுகிறேன்.

காவிரிக் கரையில் வாழும் சாம்பல் நிற அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் இறங்குவதை இயன்றவரை தவிர்த்துக் கிளைவிட்டுக் கிளை தாவும் அந்த அணிலுக்கு, நீர்மருது போன்ற ஆற்றோர மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் கூடு கட்ட இடமும் இரை தேட வழியும் கிடைக்கும். மீசையை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு நெருங்கி எடுத்த படத்தில் இந்தச் செய்தி இராது. சற்று விலகி, மரமும் ஆறும் சேர எடுத்த படத்தில் இருக்கும்.

யானைக்கு இது இன்னும் பொருந்தும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வரும் கூட்டங்களில் ஒன்றின் தந்தத்தை மட்டும் சட்டகத்துக்குள் அடக்கினால் அடர்காட்டு யானை போலவே தோன்றும். சட்டகத்தை விரித்தாலோ, ராகிக் கொல்லையும் மின்கம்பமும் செல்போனை உயர்த்தி நிற்கும் கூட்டமும் உள்ளே வந்துவிடும். படம் கெட்டது என்று நாம் வெட்டியெறிவது இவற்றைத்தான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே மேட்டில் ஏறிய ஆண் யானை ஒன்று மின்கம்பியில் உரசி மாண்டது. இரவெல்லாம் காவலிருந்தும் விளைச்சலைப் பறிகொடுக்கும் குடியானவரின் நட்டமும் படத்துக்குள் வர வேண்டும். அதைக் காணாத நகரத்துப் பார்வையாளருக்கு அவர் வில்லனாகவே தெரிவார்.

2014இல் காவிரி வடக்கு, 2022இல் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு என இரு சரணாலயங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பெரிய வெற்றிதான், ஆயினும் யானையின் வழி வரைபடக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை.

கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் பதிவுசெய்த மா. கிருஷ்ணன் (1912–1996), மரம் செடிகளையும் அதே கவனத்தோடு பார்த்து எழுதியவர். இன்றைய கருவிகளில் பாதிகூட அவரிடம் இல்லை என்பதை இங்கே நினைவூட்டத் தோன்றுகிறது.

சூழலைக் காட்டுங்கள் என்றேனே தவிர, முகவரியைச் சொல்லச் சொல்லவில்லை. நீர்நாய்க் குடும்பம் தங்கும் பாறை, கழுகின் கூடு ஆகியவற்றின் இடக்குறியீட்டைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே வண்டிகள் வரிசைகட்டும். பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. தெளிவான படம் வேண்டுமென்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

யானை வரும் பாதையில் மின்கம்பி தாழ்ந்து தொங்கக் கண்டால், யானைக்காகக் காத்திராமல் கம்பியை மட்டும் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து வனச்சரக அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் அன்றே அனுப்புங்கள்.